நிழல் வேற, இருட்டு வேற: வத்தலக்குண்டு கொடிக்காலும் என் வீட்டு பாத்ரூமும்

மூன்று மணி பிளாண்ட்களைக் கொன்ற பிறகுதான் இந்தக் கட்டுரைக்கான விஷயமே எனக்குக் கிடைத்தது.

2020-ல் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது பெங்களூரைக் காலி செய்துவிட்டுத் திண்டுக்கல்லுக்கே வந்துவிட்டேன். மாடியில் ஒரு ரூம், அதை ஒட்டி ஒரு பாத்ரூம். நெட்டில் போட்டிருந்ததை நம்பி, 'வெளிச்சம் குறைந்த இடத்திலும் வளரும், ஈரப்பதம் பிடிக்கும், பாத்ரூமுக்கு ஏற்ற செடி' என்று நர்சரியில் மணி பிளாண்ட் வாங்கி வந்து வாஷ்பேசினுக்குக் கீழே வைத்தேன். இரண்டு மாதத்தில் இலைகள் மஞ்சளாகி, தண்டு கொழகொழவென்று ஆகி, போய்விட்டது. அடுத்தது மூன்று மாதம் தாங்கியது. மூன்றாவது சாகக் கிடந்த சமயத்தில் பெரியப்பா வீட்டுக்கு வந்தார்.

பெரியப்பாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. வத்தலக்குண்டுப் பக்கம் நாற்பது வருஷத்துக்கு மேல் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். கை கழுவப் போனவர் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏப்பா, இந்தச் செடிய ஏன் இருட்டுல போட்டுக் கொல்ற?"

"நிழல்ல வளர்ற செடிதான் பெரியப்பா. வெயிலே வேண்டாமாம்."

"நிழல் வேற, இருட்டு வேறப்பா."

அவ்வளவுதான் சொன்னார். தொட்டியின் மண்ணை விரலால் கிளறி முகர்ந்து பார்த்தார். "வேர் அழுகிருச்சு. தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்திருக்க." பிறகு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நான் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை வருஷம் அலைந்தேன். வேலைக்கு நடுவே, சனி ஞாயிறுகளில்.

முதலில் கொடிக்கால். பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திண்டுக்கல் சமவெளி வறண்ட பூமி. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை. சித்திரை வெயிலில் செம்மண் காட்டில் நின்றால் கண் கூசும். அதே மாவட்டத்தில் பஸ் ஏறி ஒரு மணி நேரம் தென்மேற்கே போனால், பழனி மலையடிவாரத்தில் மஞ்சளாறும் மருதாநதியும் நனைக்கும் வத்தலக்குண்டு வட்டாரம். ராஜமய்யரும் பி. எஸ். ராமையாவும் பிறந்த ஊர் என்று இலக்கியக்காரர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது வெற்றிலை ஊர், அவ்வளவுதான். 'வெற்றிலைக்குண்டு' என்பதுதான் வத்தலக்குண்டு ஆயிற்று என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். ஊர்ப்பெயர்க் கதைகளை நான் கொஞ்சம் தள்ளி நின்றே கேட்பவன். ஆனால் அந்தப் பெருமைக்குக் காரணம் இருக்கிறது.

வெற்றிலை இந்த மண்ணின் செடி கிடையாது. தென்கிழக்கு ஆசியாவின் ஈரக்காட்டுக் கொடி. வருஷம் முழுக்க மழை பெய்யும் இடத்தில், பெரிய மரங்களின் அடியில், மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும். நேர் வெயில் ஆகாது. வறண்ட காற்று ஆகாது. வேரில் ஈரம் காயக் கூடாது, ஆனால் தண்ணீர் தேங்கவும் கூடாது. இப்படிப்பட்ட ஒன்றை எங்கள் ஊர் வெயிலில் நிறுத்த வேண்டும் என்றால் என்ன செய்வது? காட்டையே கட்ட வேண்டும். கொடிக்கால் என்பது அதுதான், கையால் கட்டிய ஒரு துண்டுக் காடு.

பெரியப்பா சொன்ன முறை இது. முதலில் வெற்றிலையை நடுவதே இல்லை, அகத்தியை விதைப்பார்கள். நீளமான மேட்டுப் பாத்திகள், இடையிடையே வாய்க்கால். பாத்தியில் வரிசையாக அகத்தி விதை. அது ஒன்றரை மாதம் வளர்ந்து கொஞ்சம் நிழல் கட்டிய பிறகுதான் விதைக்கொடி வரும். 'விதை' என்று பேரே தவிர அது விதையல்ல, பழைய கொடியிலிருந்து வெட்டிய துண்டு. அதை அகத்தியின் காலடியில் பதித்து, ஏற ஏற வாழைநாராலோ சம்பங்கோரையாலோ மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போவார்கள். இறுக்கியும் கட்டக் கூடாது, தொங்கவும் விடக் கூடாது. காற்றுப் பக்கம் வாழை நிற்கும், அல்லது கீற்றுத் தட்டி. கொடி எட்டாத உயரத்துக்குப் போய்விட்டால் அதை மெதுவாக இறக்கி, அடிக்கொடியைச் சுருட்டி மண்ணில் புதைத்து, நுனியை மறுபடி ஏற்றிவிடுவார்கள். பழைய கொடி புது வேர் விடும்.

நான் கேட்டுக்கொண்டே வந்தபோது என்னை நிறுத்திய இடம் அகத்தி. நிழலுக்கு ஏன் அகத்தி? மாமரமோ புளியோ நல்ல நிழல் தருமே?

"புளிக்கடியில புல்லு மொளைக்குமா?" என்று திருப்பிக் கேட்டார் பெரியப்பா. அகத்தி இலை சின்னச் சின்னதாகப் பிரிந்தது. வெயிலை மறைக்காது, சலிக்கும். காற்று அசைய அசைய, கீழே இருக்கும் ஒவ்வொரு இலைக்கும் மாறி மாறிக் கொஞ்சம் வெயில் விழும். அது போதாது என்று பருவத்துக்கு ஏற்ப அகத்தியைக் கழிப்பார்கள். மேகம் போட்ட மாதத்தில் அதிகம் கழிப்பது, கோடையில் விட்டுவைப்பது. கழித்த தழை ஆட்டுக்கு, மிச்சம் கீரைக்கடைக்கு. அதாவது நிழலை அளந்து வைத்திருந்தார்கள். கொடிக்காலுக்குள் செருப்போடு விடமாட்டார் பெரியப்பா. சின்ன வயதில் அதைச் சாமி விஷயம் என்று நினைத்திருக்கிறேன். சாமிதான் என்றாலும், வெளி மண்ணோடு வரும் அழுகல் நோய் உள்ளே வராமல் இருக்கவும் அது உதவும் என்று இப்போது தோன்றுகிறது.

இந்தப் பயிரைப் பார்த்து வியந்தவர்களில் இபின் பதூதாவும் ஒருவர். மொராக்கோவிலிருந்து கிளம்பிய அவர் 1340-களில் மதுரை சுல்தானின் அரசவைக்கே வந்திருக்கிறார், அந்தக் குடும்பத்தில் சம்பந்தமும் உண்டு. வெற்றிலையைத் திராட்சைக்கொடி போலப் பந்தலிலோ தென்னை மரத்திலோ ஏற்றி வளர்க்கிறார்கள், அதற்குக் காயும் பழமும் கிடையாது, இலைக்காகவே வளர்க்கிறார்கள் என்று தன் பயணக் குறிப்பில் எழுதிவைத்தார். பூக்காமல் காய்க்காமல் வெறும் இலையாக இருப்பதால்தான் 'வெற்றிலை' என்று நம் பக்கத்தில் சொல்லும் விளக்கமும் இதுவே. உண்மையில் வெற்றிலைக்குப் பூ உண்டு. ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. தோட்டத்தில் எல்லாம் துண்டு வெட்டி நட்ட கொடிகள் என்பதால் காயைப் பார்ப்பது அபூர்வம். இந்தச் சொல்தான் மலையாளக் கரையில் போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து ஐரோப்பாவுக்குப் போய் 'பீட்டல்' ஆனது.

(ஒரு சின்னக் குறிப்பு. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய 'ஆத்தூர் வெற்றிலை' நம்ம திண்டுக்கல் ஆத்தூர் இல்லை, தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர். அதே ஆண்டு சோழவந்தான் வெற்றிலைக்கும் கிடைத்தது. அது வைகையில் நமக்குக் கொஞ்சம் கீழே. சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் என்னை வாழ்த்திவிட்டார்கள், அதனால் சொல்கிறேன்.)

சரி, பாத்ரூமுக்கு வருவோம்.

'நிழல் வேற, இருட்டு வேற' என்பதை எனக்குத் தெரிந்த மொழியில் எழுதிப் பார்க்க ஆசை. போனில் லக்ஸ் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். போன் சென்சார் ஆய்வகக் கருவி இல்லை, பத்து இருபது சதவீதம் முன்னே பின்னே காட்டும். பரவாயில்லை, இங்கே வித்தியாசம் பத்து சதவீதத்தில் இல்லை. நடுப்பகல் திறந்த வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். வத்தலக்குண்டுப் பக்கம் இன்னும் மிச்சமிருக்கும் ஒரு கொடிக்காலில் அனுமதி வாங்கி, வெறுங்காலோடு போய் அளந்தேன். இலை மட்டத்தில் 18,000-க்கும் 30,000-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து அதே நேரத்துக்கு என் பாத்ரூம். வென்டிலேட்டர் கண்ணாடியை ஒட்டி 600. வாஷ்பேசின் மேல் 90. வாஷ்பேசினுக்குக் கீழே, அதாவது நான் செடியை வைத்திருந்த இடத்தில், 12.

மறுபடி ஒரு தடவை அளந்தேன். 12-தான்.

என் கண்ணுக்கு அந்த இடம் இருட்டாகவே தெரியவில்லை. அங்கே கீழே விழுந்த சோப்பு உறையின் எழுத்தைக்கூடப் படித்திருக்கிறேன். நம் கண்ணின் சாமர்த்தியம் அப்படி. வெயிலிலும் பார்க்கும், நிலா வெளிச்சத்திலும் சமாளிக்கும். ஆயிரம் மடங்கு குறைந்தால்கூட 'கொஞ்சம் மங்கல்' என்றுதான் மூளைக்குச் சொல்லும். செடிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதற்கு வெளிச்சம் பார்வை அல்ல, சோறு. செடியும் மூச்சு விடுகிறது, அதற்குச் சேமிப்பிலிருந்து செலவு ஆகிறது. வெளிச்சத்தில் அது சமைப்பது அந்தச் செலவை ஈடுகட்டும் அளவுக்கு மேல் இருந்தால்தான் வளரும். சரியாக ஈடுகட்டினால் சும்மா நிற்கும். அதற்கும் கீழே போனால் கையிருப்பைத் தின்று, தின்று முடித்ததும் சாகும். 'வெளிச்சம் குறைந்த இடத்திலும் வளரும்' என்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் 'மெதுவாகச் சாகும்' என்பதன் வேறு வடிவம். மூன்று மாதம் தாங்கியதை நான் 'வளர்கிறது' என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் விஷயமும் இதோடு கட்டியதுதான். சமையல் நடக்காத செடி தண்ணீரும் குடிக்காது. நான் ஊற்றியது எல்லாம் தொட்டியிலேயே நின்று வேரை மூச்சுமுட்ட வைத்திருக்கிறது. கொடிக்காலில் மழைக்காலத்தில் வாய்க்காலை வெட்டிவிட மறந்தால் வரும் வாடல் நோயும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே பூஞ்சை போன்ற கிருமி, ஒரு வாரத்தில் பாத்தியே போய்விடும். பெரியப்பா மண்ணை முகர்ந்து பார்த்ததற்குக் காரணம் அது.

நம் ஊர் வீடுகளில் குளிக்கிற இடத்தில் செடி வளர்ப்பது புதுசும் இல்லை. முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். குளியல் புழக்கடையில். ஒரு கல், ஒரு தொட்டி, மறைப்புக்குக் கீற்றோ தகரமோ. குளித்த தண்ணீர் சின்ன வாய்க்காலில் ஓடி நேராக வாழைக்குப் போகும். வாழைக்கு முன்னால், எப்போதும் சொதசொதவென்று இருக்கும் இடத்தில் சேம்பு நிற்கும். கொஞ்சம் தள்ளி கல்வாழை, மறைப்பின் மேல் ஏதாவது கொடி. யாரும் அதற்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றியதில்லை. குடிநீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் திண்டுக்கல். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கிவிட்டால் டவுன் முழுக்க அதே பேச்சாக இருக்கும். அந்த ஊரில் குளித்த தண்ணீரை இரண்டாவது தடவை உபயோகிக்காமல் விட்டால் பாட்டி திட்டுவாள்.

பிறகு பாத்ரூம் வீட்டுக்குள் வந்தது. டைல்ஸ் வந்தது. தண்ணீர் குழாய்க்குள் போய் மறைந்தது. புழக்கடை இருந்த இடத்தில் இன்னொரு ரூம் அல்லது கார். வாழை போயிற்று, சேம்பு போயிற்று. கொஞ்ச வருஷம் கழித்து, அதே பாத்ரூம் ஜன்னலில் ஒரு பழைய பாட்டிலில் மணி பிளாண்ட் வந்து உட்கார்ந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், தாவரவியலில் மணி பிளாண்ட்டும் சேம்பும் ஒரே குடும்பம். போன செடியின் தாயாதிதான் திரும்பி வந்திருக்கிறது. கிள்ளினால் கை அரிப்பதும் இரண்டுக்கும் ஒரே காரணம், கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். இலை வெற்றிலை மாதிரி இருக்கிறதே என்று குழந்தைகள் வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாக்கும் உதடும் எரிந்து வீங்கும். வெற்றிலை மிளகுக் குடும்பம், இதற்கும் அதற்கும் சொந்தமே கிடையாது. ஒரே மாதிரி வாழ்க்கை வாழ்ந்ததால் ஒரே மாதிரி முகம், அவ்வளவுதான்.

மணி பிளாண்ட்டின் கதை இன்னும் சுவாரசியம். வெப்பமண்டலச் செடிகள் வீட்டுக்குள் வந்த வரலாறே லண்டன் புகையில்தான் தொடங்குகிறது. நத்தானியேல் வார்டு என்ற லண்டன் டாக்டர் 1829-ல் அந்துப்பூச்சிக் கூடு ஒன்றை ஈர மண்ணோடு பாட்டிலில் போட்டு மூடி வைத்தார். கூட்டைவிட அவரைக் கவர்ந்தது, அந்த மண்ணில் தானாக முளைத்த சின்னப் பெரணிச்செடி. கரிப்புகை நிறைந்த அவர் வீட்டுத் தோட்டத்தில் பெரணி பிழைத்ததே இல்லை. மூடிய பாட்டிலுக்குள் ஈரம் சுற்றிச் சுற்றி வந்து வருஷக்கணக்கில் பிழைத்தது. அதைப் பெரிதாக்கிக் கண்ணாடிப் பெட்டி செய்து 1833-ல் செடிகளோடு சிட்னிக்குக் கப்பல் ஏற்றினார். செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதுவரை கடல் உப்புக் காற்றில் கருகிச் செத்துக்கொண்டிருந்த செடிகள், அதன் பிறகு கண்டம் விட்டுக் கண்டம் போக ஆரம்பித்தன. சீனாவிலிருந்து ராபர்ட் ஃபார்ச்சூன் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் இந்தப் பெட்டிகளில்தான். வார்டின் பெட்டியை ஒரு குட்டி பாத்ரூம் என்று சொன்னால் தப்பில்லை. ஒரு வித்தியாசம், அதன் நாலு சுவரும் கண்ணாடி. ஈரத்தைப் பூட்டினார், வெளிச்சத்தைப் பூட்டவில்லை. கொடிக்காலும் அதே கணக்குதான். நெட்டில் எழுதுகிறவர்கள் பாத்ரூமின் ஈரத்தைப் பற்றி மட்டும் சொல்லி, மற்ற பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இப்படிச் செடி திரட்டும் மோகம் உச்சத்தில் இருந்தபோது, 1880-ல் பெல்ஜியத்துத் தோட்டக்கலை இதழ் ஒன்றில் லிண்டனும் ஆந்த்ரேயும் மஞ்சள் தெளித்த இலையுள்ள ஒரு கொடியை 'பொத்தோஸ் ஆரியஸ்' என்று பெயரிட்டு அறிமுகம் செய்தார்கள். சாலமன் தீவுகளிலிருந்து வந்தது என்று வெகுகாலம் நம்பினார்கள். தாஹிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மூரியா என்ற சின்னத் தீவுதான் சொந்த ஊர் என்று இப்போது கொள்கிறார்கள். பெயர் விஷயத்தில் இந்தச் செடி பட்ட பாடு கொஞ்சமல்ல. 1908-ல் எங்லர் வேறு பேரினத்துக்கு மாற்றினார். செடியின் பூவைப் பார்த்தால்தான் அதன் குலம் கோத்திரம் சரியாகத் தெரியும், இதுவோ பூப்பதே இல்லை. எண்பது வருஷம் கழித்து 1962-ல் ஃபுளோரிடாவில் பூத்தது. அதைப் பார்த்து 1963-ல் ஒரு பெயர், 1964-ல் இன்னொரு பெயர். இப்போது நிலைத்திருப்பது அந்தக் கடைசிப் பெயர், 'எப்பிப்ரெம்னம் ஆரியம்'. நம் ஊரில் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை, பணம் வரும் என்றால் மணி பிளாண்ட். திருடி நட்டால்தான் பணம் வரும் என்பது உபரி விதி. என் மூன்றையும் காசு கொடுத்து வாங்கினேன், ஒருவேளை அதனால்தானோ என்னவோ.

1964-க்குப் பிறகு இது தானாகப் பூத்ததாகப் பதிவு இல்லை. ஏன் என்று 2016-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. செடி பூப்பதற்குத் தேவையான ஜிப்ரலின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கும் ஒரு மரபணு இதில் பழுது. வெளியிலிருந்து அந்த ஹார்மோனைத் தெளித்தால் பூக்கிறது, தானாக முடியாது. எனக்கு இதைப் படித்தபோது சாஃப்ட்வேர்க்காரன் புத்தியில் முதலில் தோன்றியது, ஒரே பழுதான கோடை உலகம் முழுக்க காப்பி பேஸ்ட் செய்து வைத்திருக்கிறோம் என்பதுதான். விதையே இல்லாமல், துண்டு துண்டாக வெட்டி, பக்கத்து வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு என்று ஒரு தீவுச் செடி உலகத்தின் பாதி பாத்ரூம்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பூக்காமல் காய்க்காமல் வெறும் இலையாக இருப்பது வெற்றிலை என்றால், நிஜமான வெற்றிலை இதுதான்.

நாசா பற்றிக் கேட்பீர்கள். 1989-ல் வுல்வர்ட்டன் என்பவர் நாசாவுக்காகச் செய்த ஆய்வில் மணி பிளாண்ட்டும் ஒன்று. காற்றில் உள்ள சில ரசாயனங்களைச் செடிகள் குறைத்தது உண்மை. ஆனால் சோதனை நடந்தது காற்றே புகாத சின்னப் பெட்டிக்குள். 2019-ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் இருவர் அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டம் செய்வதைச் செடிகள் செய்ய வேண்டும் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்று வந்தது. என் பாத்ரூம் மூன்று சதுர மீட்டர். வென்டிலேட்டரைத் திறந்து வைத்துவிட்டேன்.

நான்காவது செடிக்கு வருகிறேன். இப்போது அது வென்டிலேட்டர் ஓரத்துப் பலகையில் இருக்கிறது. கண்ணாடி வழியாகக் காலையில் அரை மணி நேரம் சாய்ந்த வெயிலும், மற்ற நேரம் சிதறிய வெளிச்சமும் வருகிறது. இரண்டு செடி, இரண்டு தொட்டி. பதினைந்து நாள் ஒன்று பாத்ரூமில், இன்னொன்று பால்கனியில் தென்னை நிழலில். பிறகு இடம் மாற்றுவேன். அகத்தியைக் கழிக்க எனக்கு வழி இல்லை, அதனால் செடியை நகர்த்துகிறேன். வெளிச்சம் குறைந்தால் இந்தச் செடியின் இலையில் மஞ்சள் வரிகள் மங்கி, முழுப் பச்சையாகும். வரி விழுந்த இடத்தில் பச்சையம் குறைவு, பஞ்ச காலத்தில் அந்த ஆடம்பரத்தைச் செடி விட்டுவிடுகிறது. அதுதான் என் லக்ஸ் மீட்டர் இப்போது. வரி மங்கினால் பால்கனி.

விரலை இரண்டு கணு மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அதுவும் போர் தண்ணீர் இல்லை. தோல் ஷாப்புகள் ஒரு நூற்றாண்டாக இருக்கும் ஊர் இது, டவுனைச் சுற்றிப் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. அந்தத் தண்ணீரில் இலை நுனி பழுப்பாகக் கருகுவதைக் கண்ணால் பார்த்தேன். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரை ஒரு மக்கில் பிடித்து வைத்துக்கொள்கிறேன். மழை பெய்தால் மழைத் தண்ணீர். பாட்டிலில் வெறும் தண்ணீரில் வளர்ப்பவர்கள் வாரம் ஒரு தடவை தண்ணீரை முழுக்க மாற்றி, பாட்டிலின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டையிட்டுக் கொசுவாக ஒன்றரை வாரம் போதும், வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்கள் மணி பிளாண்ட் பாட்டிலைத்தான் முதலில் எட்டிப் பார்க்கிறார்கள்.

மணி பிளாண்ட் சலித்துவிட்டது என்றால் எங்கள் ஊர்க் கரட்டில், முள்ளுப் புதருக்கு அடியில் மருள் என்று ஒன்று தானாக நிற்கிறது. கத்தி மாதிரி நீண்டு, வரி போட்ட இலை. ஒரு காலத்தில் நார் எடுத்தார்கள். அதன் ஆப்பிரிக்கச் சொந்தக்காரனைத்தான் நர்சரியில் ஸ்நேக் பிளாண்ட் என்று விலைக்கு விற்கிறார்கள். நம்ம மருளை யாரும் தொட்டியில் வைத்து நான் பார்த்ததில்லை.

பெரியப்பாவின் கொடிக்கால் இப்போது இல்லை. 2003-ஐ ஒட்டிய வறட்சியில் கிணறு வற்றியது. இரண்டு வருஷம் டேங்கர் தண்ணீர் வாங்கி ஊற்றிப் பார்த்தார். கொடி இறக்க, கட்ட, இலை கிள்ள ஆள் கிடைப்பதும் நின்றுபோனது. வெற்றிலை போடும் ஆட்களும் பாக்கெட்டுக்கு மாறிவிட்டார்கள். கல்யாணத் தாம்பூலத்துக்கு மட்டும் எத்தனை கவுளி விற்கும்? விற்றுவிட்டார். வாங்கியவர் தென்னை வைத்தார். நான் லக்ஸ் அளக்கப் போன நாளில் அந்த வழியாகத்தான் பஸ் போனது. இறங்கிப் பார்க்கவில்லை.

அளந்த எண்களை எல்லாம் ஒரு பேப்பரில் எழுதிப் பெரியப்பாவிடம் காட்டினேன். கொடிக்காலில் 18,000 முதல் 30,000, பாத்ரூம் மூலையில் 12 என்று வாசித்துக் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"எந்த மாசம் அளந்த?"

"மாசிக் கடைசி, பெரியப்பா."

"அப்ப அகத்திய இன்னும் கொஞ்சம் கழிச்சிருக்கணும் அவன். பனி போயிருச்சுல்ல."

போன தீபாவளிக்கு வந்திருந்தபோது பலகையில் இருந்து தொங்கிக்கொண்டிருந்த கொடியைப் பார்த்துவிட்டு, மணி பிளாண்ட் மரத்தில் ஏறினால் முறம் அளவுக்கு இலை விடும், தொங்கவிட்டால் சிறுத்துக்கொண்டே போகும் என்றார். அது உண்மை. கீழ்மலைக் காப்பித் தோட்டங்களில் நானே பார்த்திருக்கிறேன், அதே செடி என்று நம்பவே முடியாது. மாடியில் காயப்போட்டிருந்த வாழை மட்டையிலிருந்து நார் உரித்துக்கொண்டு வந்தார். ஜன்னல் கம்பியில் கொடியைச் சேர்த்து வைத்து, மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டார். முடிச்சுக்கும் தண்டுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு கை கழுவிவிட்டு வந்து, வெற்றிலைப் பெட்டி எங்கே என்று கேட்டார்.